கூடாரம் வாங்கும் முன் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு

(சாரண, சாரணிய ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. சாரணியர் பொறுப்பையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். "கூடாரம் தேர்வு செய்வது பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டபோது முதலில் சிரிப்பு வந்தது. இந்த அரங்கில் கூடாரம் வாங்கியதில் அதிகம் ஏமாந்தவள் நானாகத்தான் இருப்பேன். ஒருவேளை அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்களோ என்னவோ.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சாரணியர் குழுவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். அதில் நான்கு கூடாரங்கள் வாங்கினேன். ஒன்று ஏறக்குறைய ரூ.2,000. உறையின்மேல் '4 பேர்' என்று அச்சடித்திருந்தது. பதினாறு பிள்ளைகள், நான்கு கூடாரங்கள். வகுத்தல் கணக்கு மீதியில்லாமல் வந்துவிட்டது என்று மகிழ்ந்துபோனேன்.

காலாண்டு விடுமுறையில் ஜவ்வாது மலையில் ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊராட்சி அனுமதி, பெற்றோர் ஒப்புதல், முதலுதவிப் பெட்டி எல்லாம் சரியாக இருந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் நாள் இருக்கிறது என்ற தைரியமும் இருந்தது. சமமாக, புல் அடர்ந்து, மெத்தை போலிருந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கூடாரங்களை அடித்தோம். சுற்றியிருந்த நிலம் கொஞ்சம் மேடு. அந்த இடத்தில் மட்டும் புல் ஏன் அவ்வளவு செழிப்பாக இருந்தது என்று ஓர் அறிவியல் ஆசிரியைக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இரவு ஒன்றரை மணிக்கு மழை பிடித்தது. பத்து நிமிடத்தில் முதல் குரல், "மிஸ், தலைமாட்டுல சொட்டுது." அடுத்து, "மிஸ், கீழயிருந்து வருது." ஒரு கூடாரத்தின் ஃபைபர் கம்பி காற்றில் பிளந்து துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இடியும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் இருந்த தொடக்கப் பள்ளித் தாழ்வாரத்துக்குப் பதினாறு பேரையும் கூட்டிப்போய், விடியும்வரை நனைந்த போர்வைகளோடு உட்கார்ந்திருந்தோம். ஊர்க்காரர் ஒருவர் அடுப்பு மூட்டிக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு மூன்று நாள் காய்ச்சல். திங்கட்கிழமை அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "உங்கள நம்பித்தானே டீச்சர் அனுப்புனேன்," என்று மட்டும் சொன்னார். அந்தப் போர்வை பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது என்று பிறகு தெரிந்தது. அடுத்த ஆண்டு முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஐந்தே பேர். அந்தப் பெண் கொடுக்கவில்லை. பெண்பிள்ளைகளை ஓர் இரவு வெளியே அனுப்ப வைப்பதற்கு நாம் எத்தனை வீட்டுப் படி ஏறுகிறோம் என்பது இங்கிருக்கும் சாரணிய ஆசிரியைகளுக்குத் தெரியும். அத்தனை படிகளையும் ஒரே மழை கழுவிக்கொண்டு போய்விட்டது.

அதன் பிறகுதான் கூடாரம் என்ற பொருளை ஒரு பாடமாக எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அந்த '4 பேர்' என்ற அச்சு. தயாரிப்பாளர் கணக்கில் நான்கு பேர் என்றால் நான்கு மெல்லிய படுக்கைகளை ஒட்டி ஒட்டிப் போட இடம் உண்டு, அவ்வளவுதான். பைக்கு இடம் கிடையாது, புரண்டு படுக்க இடம் கிடையாது. என் பழைய கூடாரத்தின் தரை 200 செ.மீ.க்கு 200 செ.மீ. ஒருவருக்கு 50 செ.மீ. அகலம். நம் வகுப்பறை பெஞ்சில் ஒருவர் உட்காரும் இடத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஓரத்தில் படுத்தவர்கள் இரவு முழுக்கத் துணியில் ஒட்டிக்கொண்டே கிடந்திருக்கிறார்கள். சுவரைத் தொட்டபடி படுத்தால் நனையாமல் என்ன செய்யும்?

இப்போது நான் செய்வது மிக எளிது, செலவும் இல்லை. கூடாரத்தின் நீள அகலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் அதே அளவில் கட்டம் போடுகிறேன். பிள்ளைகளைப் பைகளோடு அதற்குள் படுக்கச் சொல்கிறேன். இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். ஏழாம் வகுப்புக்குப் பரப்பளவுப் பாடமும் அதிலேயே முடிந்துவிடுகிறது. எங்கள் அனுபவத்தில் '4 பேர்' என்றால் மூன்று பேர், '6 பேர்' என்றால் நான்கு பேர். அதற்குமேல் அடைத்தால் யாராவது ஒருத்தி தூங்கவில்லை என்று பொருள்.

தரை மட்டும் போதாது, உயரமும் சுவரின் சாய்வும் பார்க்க வேண்டும். அரைக்கோள வடிவக் கூடாரம் காற்றை நன்றாகத் தாங்கும். ஆனால் சுவர் உள்நோக்கிச் சாய்வதால், படுத்தால் இருக்கிற இடம் எழுந்து உட்கார்ந்தால் இருக்காது. சுவர் செங்குத்தாக நிற்கும் அறை வடிவக் கூடாரத்தில் நின்றே உடை மாற்றலாம், ஆனால் அது காற்றுக்குப் பாய்மரம் போல நிற்கும். சாரணியர் முகாமுக்கு நின்று உடை மாற்றும் உயரம் ஆடம்பரம் இல்லை. என் பழைய கூடாரத்தின் உச்சி உயரம் 130 செ.மீ. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் அதற்குள் மண்டியிட்டபடி சீருடை மாற்றினார்கள். ஆண் ஆசிரியராக இருந்தால் இதைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள். பெண்ணாக இருந்தும் நானே இரண்டாம் நாள்தான் கவனித்தேன்.

அடுத்து, 'மூன்று பருவக் கூடாரம்', 'நான்கு பருவக் கூடாரம்' என்று எழுதியிருப்பார்கள். மூன்றைவிட நான்கு பெரிது, ஆகவே நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. அங்கே நான்காவது பருவம் என்பது பனிப்பொழிவு. பனி குவிந்தாலும் அமுங்காத தடித்த கம்பிகள், வலைத்துணி குறைவு, கனமான துணி, எடையும் விலையும் அதிகம். நாமோ ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தவர்கள். கார், கூதிர் இரண்டிலும் மழை. முன்பனியிலும் பின்பனியிலும் பனி என்றால் நமக்குப் பெரும்பாலும் இலை நுனியில் நிற்கும் பனித்துளிதான். மீதி இரண்டும் வேனில். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது, மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதி தென்மேற்குப் பருவத்திலும் நனைகிறது. ஆகவே நமக்கு வேண்டியது பலத்த மழையையும் புழுக்கத்தையும் ஒரே நேரத்தில் சமாளிக்கும் கூடாரம். பனிமலைக் கூடாரத்தை ஏப்ரல் மாதம் சமவெளியில் அடித்து உள்ளே படுத்தால் இட்லிக் குண்டான்தான். கொடைக்கானல், உதகை போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் கடுமையாக இருக்கும். அங்கேயும் குளிரைத் தடுப்பது தரையில் விரிக்கும் தடித்த பாயும் கம்பளியும்தான். கூடாரம் காற்றை மறைக்கும், அறையைச் சூடாக்காது.

மழையையும் புழுக்கத்தையும் சேர்த்துச் சமாளிக்கும் வழி இரட்டை அடுக்கு. உள்ளே வலைத்துணிக் கூடு. அதன்மேல் ஒரு கை அகல இடைவெளி விட்டு மழைத்துணி. என் பழைய கூடாரங்களில் மழைத்துணி என்பது உச்சியில் ஒரு தொப்பி மட்டும்தான். சாய்ந்தடிக்கும் மழைக்கு அது எதற்காகும்? மழைத்துணி நான்கு பக்கமும் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை இறங்க வேண்டும். வாசலுக்கு முன்னால் திண்ணை போல ஒரு நீட்டல் இருந்தால் மிக நல்லது. நனைந்த செருப்பும் வாளியும் அங்கே நின்றுகொள்ளும்.

ஒற்றை அடுக்குக் கூடாரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. காலையில் உள்பக்கச் சுவர் முழுக்க ஈரம் கோத்திருக்கும். "ஒழுகுகிறது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். ஆனால் அது மழை இல்லை, நம் மூச்சு. ஐஸ் தண்ணீர்ப் பாட்டிலின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல, மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. காற்றோட்டத் திறப்பை மூடிவிட்டால் இது கூடும். மழைக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்துவிடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆவி சுருங்குதல் பாடத்துக்கு இதைவிட நல்ல ஆய்வகம் எனக்குக் கிடைத்ததில்லை.

துணியின் நீர்த்தாங்கு திறனை மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள். 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று பார்த்து மழை அளவோ என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. துணியின்மேல் ஒரு நீர்த்தம்பத்தை நிறுத்தி உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், எந்த உயரத்தில் துணியைத் தாண்டி நீர் கசியத் தொடங்குகிறதோ அந்த உயரம். எட்டாம் வகுப்பில் நாம் நடத்தும் திரவ அழுத்தமேதான். மேல்துணிக்கு 2,000 மி.மீ. அளவில் இருந்தால் நம் மழைக்குப் பெரும்பாலும் போதும். தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஏன் என்று பிள்ளைகளுக்கே ஒரு கணக்காகக் கொடுத்தேன். 40 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை 40 சதுர செ.மீ. பரப்பில் முழங்காலை ஊன்றினால் அழுத்தம் எவ்வளவு? ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ எடை. நீர்த்தம்பமாக மாற்றினால் 10 மீட்டர் உயரம். விடை வந்ததும் கரும்பலகை முன்னால் ஒரே அமைதி. நனைந்த தரையில் மண்ணும் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் அத்தனையும் நீரின்மேல் விழாது என்பது உண்மை. ஆனாலும், தேங்கிய நீரின்மேல் கூடாரம் அடித்துவிட்டுத் துணியைக் குறை சொல்லக் கூடாது என்பது அவர்களுக்கே விளங்கிவிட்டது. எனக்கும்தான்.

நீர் புகும் வழி பெரும்பாலும் துணி இல்லை, தையல். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். உள்பக்கம் தையல் நெடுகப் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். தரைத்துணி ஒரு தட்டுபோலச் சுற்றிலும் நான்கு விரற்கடையாவது மேலெழும்பி இருக்க வேண்டும். கீழே தனியாகப் படுதா விரித்தால் அது கூடாரத்தைவிட ஓர் அங்குலம் உள்ளே அடங்கியிருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்துணியில் வழியும் நீரை ஏந்தி, பிள்ளைகளின் முதுகுக்குக் கீழேயே கொண்டுவந்து சேர்க்கும். எங்களுக்கு "கீழயிருந்து" வந்தது இப்படியும்தான்.

கம்பிக்கு வருவோம். ஃபைபர் கம்பி மலிவு, ஆனால் பிளக்கும், சிலாம்பு கையில் ஏறும். அலுமினியக் கம்பி விலை கூடுதல், எடை குறைவு, வளையுமே தவிர எளிதில் உடையாது. எதை வாங்கினாலும் கம்பி நுழையும் அளவில் ஒரு சாண் நீளக் குழாய்த் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உடைந்த இடத்தில் மாட்டி ஒட்டுநாடா சுற்றினால் இரவு கழிந்துவிடும். கூடாரத்தோடு கொடுக்கும் முளைகள் நம் செம்மண் மைதானத்துக்கு முன்னால் நிற்காது, பின்னல் ஊசி போல வளைந்துவிடும். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் 8 மி.மீ. இரும்புக் கம்பியை வெட்டி, தலையை வளைத்துச் செய்து வாங்கினேன். கூடாரத்தில் செலவழித்த காசிலேயே பயனுள்ள காசு அதுதான். மணற்பாங்கான இடமென்றால் ஒரு பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்துவிடுங்கள். இழுகயிற்றில் வெள்ளைத் துணித் துண்டு கட்ட மறக்காதீர்கள். இருட்டில் கழிப்பறைக்கு எழும் பிள்ளைகள் அதில்தான் தடுக்கி விழுகிறார்கள். நைலான் துணி நனைந்தால் கொஞ்சம் தொய்யும், பாலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. நைலான் என்றால் மழை பிடித்ததும் கயிறுகளை ஒருமுறை இறுக்க வேண்டும்.

எடையில்தான் பெரிய இழுபறி. தாராளமான கூடாரம் என்றால் 7, 8 கிலோ. பேருந்தில் போய் ஒரே இடத்தில் தங்கும் முகாமுக்குக் கவலையில்லை. முதுகில் சுமந்து நடப்பது என்றால் கதை வேறு. புத்தகப்பை மாணவரின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2020இன் தேசியப் புத்தகப்பைக் கொள்கை சொல்கிறது. 38 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 3.8 கிலோ. பள்ளிக்கு நடக்க ஒரு நியாயம், மலை ஏற வேறு நியாயம் என்று நான் வைத்துக்கொள்வதில்லை. நடைப்பயணத்துக்கு 2 கிலோ அளவில் வரும் இருவர் கூடாரத்தை எடுத்து, உள்கூடு ஒருத்தியிடமும் மழைத்துணியும் கம்பியும் மற்றவளிடமும் பிரித்துக் கொடுக்கலாம். பெரிய கூடாரத்தை அணி முழுவதும் பங்கு போட்டும் சுமக்கலாம். ஒரே கூடாரம் இரண்டுக்கும் சரிப்படும் என்று விற்பவர் சொன்னால் சந்தேகப்படுங்கள். நம் பள்ளிகளுக்கு முதலில் வேண்டியது தங்குமுகாமுக்கான பெரிய கூடாரம்தான்.

காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி கட்டாயம் வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்ததும், அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்ததும் நினைவிருக்கும். தீ என்றதும் இன்னொன்று. இந்தத் துணிகள் எல்லாம் நெருப்புப் பட்டால் உருகி உடம்பில் ஒட்டும். கூடாரத்துக்குள் மெழுகுவர்த்தி, அடுப்பு மட்டுமல்ல, கொசுவத்திச் சுருளும் கூடாது. ஜிப் சரியாக மூடும் வலைத்துணி இருந்தால் சுருள் எதற்கு? இடி இடித்தால் எவ்வளவு நல்ல கூடாரமும் பாதுகாப்பில்லை. உடனே கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். ஆகவே ஓடிப்போய்ச் சேரும் தொலைவில் ஒரு கட்டடம் இருக்கும் இடத்தில்தான் நான் இப்போது முகாம் போடுகிறேன்.

பழைய கான்வாஸ் கூடாரங்கள் சில பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன. தூக்கி எறிந்துவிடாதீர்கள். பருத்தி நூல் நனைந்தால் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். மழை பெய்யும்போது உள்பக்கம் விரல் வைத்தால் அந்த இடத்தில் சொட்டும், அதைத்தான் நம் மூத்த சாரணர்கள் "தொடாதே" என்று அதட்டுவார்கள். கனம் ஒன்றுதான் குறை.

எதுவானாலும் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கெட்டது. பூஞ்சணம் பிடிக்கும், பூச்சு பிசுபிசுத்து நாற்றம் எடுக்கும். முகாம் முடிந்து வந்ததும் தாழ்வாரத்தில் நிழலில் உலர்த்தி, எலி புகாத டிரங்குப் பெட்டியில் வையுங்கள்.

நான் மறுபடி பணம் சேர்த்து '6 பேர்' கூடாரம் இரண்டு வாங்கினேன். இந்த முறை முகாமுக்கு முன்பே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்ட நாளில் மைதானத்தில் அடித்து வைத்தேன். கூட்டம் முடிந்து பெற்றோர் சுற்றி நின்றார்கள். அந்த அம்மாவும் நின்றார். "உள்ள போய்ப் பாருங்கம்மா" என்றேன். குனிந்து போனார். நிமிர்ந்து நின்றார். தையலைத் தடவினார். வலையை இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார், "உள்ளருந்து பூட்ட முடியுமா டீச்சர்?"

நான் அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. இரண்டு ஜிப் இழுப்பான்களையும் சேர்த்து உள்ளேயிருந்து ஒரு சிறு கொக்கி மாட்டிக் காட்டினேன். ஆபத்து என்றால் சட்டென்று கழற்றும்படியாகத்தான் இருந்தது. அவர் விடவில்லை. "ராத்திரி உள்ள லைட் போட்டா வெளிய தெரியுமா?" அன்று மாலை இருட்டியதும் உள்ளே டார்ச் ஏற்றி வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தேன். என் சக ஆசிரியை உள்ளே கை தூக்கினால் வெளியே நிழலாட்டம் போலத் துல்லியமாகத் தெரிந்தது. இத்தனை அளவுகளைப் படித்த எனக்கு இது தோன்றவில்லை. விளக்கை அணைத்துவிட்டு உடை மாற்ற வேண்டும் என்பது அன்று முதல் எங்கள் முகாம் விதி. அடுத்து வாங்கும்போது அடர்நிறத் துணியாகப் பார்த்து வாங்கினேன்.

அந்த ஆண்டு முகாமுக்கு எட்டுப் பேர் வந்தார்கள். ஒப்புதல் படிவத்தில் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். மழையும் வந்தது, முந்தைய அளவுக்கு இல்லை. இரவு இரண்டு மணிக்கு டார்ச்சோடு போய்க் கேட்டேன், "யாருக்காவது சொட்டுதா?" பதில் இல்லை. ஒருத்தி மட்டும் தூக்கத்தில், "லைட்ட அணைங்க மிஸ்," என்றாள்.

வெளியே மைதானத்தில் இரண்டு கூடாரங்களை அடித்து வைத்திருக்கிறோம். ஒன்று என் பழைய ரூ.2,000 கூடாரம், மற்றொன்று புதியது. இரண்டிலும் நான்கு நான்கு பேராகப் பையோடு படுத்துப் பாருங்கள். வாளியும் தண்ணீரும் தயாராக இருக்கிறது. ஊற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். பழைய கூடாரத்துக்குள் படுப்பவர்கள் கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போகவும்.